செப்டிக் டேங்க் கணக்கு

பேரக் குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்க அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோதுதான் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கை வந்தது. பெங்களூரின் கிழக்கு ஓரத்தில், 30-க்கு 40 மனையில் வீடு கட்டிக் குடியேறிய ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் அவர். போர்வெல் தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் ஒரு பாட்டிலில் பிடித்துக் கொடுத்திருந்தார். உப்பு பரவாயில்லை. நைட்ரேட்தான் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது.

"நல்லாக் கொதிக்க வச்சுத்தானேப்பா கொடுக்கிறேன்?" என்றாள் மகள்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் அடர்த்தி கூடவே செய்யும். இந்தியத் தர அளவுகோலின்படி குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம். இதில் பெரிய ஆபத்து, ஆறு மாதம் நிரம்பாத, புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களுக்கு. உடலுக்குள் நைட்ரேட் நைட்ரைட்டாக மாறி, ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கிறது. உதடும் நகமும் நீலம் பாரிக்கின்றன. 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்டர் காம்லி என்ற மருத்துவர்தான் இந்த நோய்க்கும் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள தொடர்பை எழுதினார்.

அன்றிலிருந்து குழந்தைக்குக் கேன் தண்ணீர். தாத்தாவுக்கு மட்டும் நிம்மதி இல்லை.

அந்தப் பகுதிக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. வீட்டுக்கு வீடு ஒரு செப்டிக் டேங்க், ஓர் உறிஞ்சு குழி, ஒரு போர்வெல். அவருடைய சந்தேகம் பக்கத்து வீட்டின் மீது. டேப்பை எடுத்துப்போய் அளந்தார். பக்கத்து வீட்டுக் குழி 60 அடிக்கு அப்பால் இருந்தது. மேஸ்திரிகள் சொல்லும் 50 அடிக் கணக்குக்கு மேலேதான். அவருடைய சொந்தக் குழியோ 40 அடிக்குள் இருந்தது!

இந்த அடிக்கணக்கு கிருமிகளுக்கு ஏற்பட்டது. மண்ணில் ஊர்ந்து போகும்போது கிருமிகள் வடிகட்டப்படும். நாளடைவில் செத்தும் போகும். நைட்ரேட் அப்படியல்ல. டேங்கிலிருந்து வெளியேறும் கழிவுநீரில் நைட்ரஜன் பெரும்பாலும் அம்மோனியமாகவே இருக்கிறது. காற்றோட்டமுள்ள மண்ணில் இறங்கியதும் நுண்ணுயிரிகள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடுகின்றன. களிமண் துகளைப் போலவே நைட்ரேட்டுக்கும் எதிர்மின்னேற்றம். அதனால் மண் அதைப் பிடித்து வைப்பதில்லை. நீர் போகும் வழியெல்லாம் அதுவும் போகிறது. டேங்க் பழுதில்லாமல் வேலை செய்தாலும் இதுதான் கதி.

அப்படியானால் எவ்வளவு போகிறது? வாழ்நாளெல்லாம் வரவு செலவு எழுதிய கை சும்மா இருக்குமா? காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டார்.

இந்திய உணவுப் பழக்கத்தில் ஒருவர் உடலிலிருந்து நாளொன்றுக்குச் சுமார் ஏழரை கிராம் நைட்ரஜன் வெளியேறுகிறது. ஐந்து பேருக்கு 37 கிராம். வண்டலிலும் மண்ணிலும் பாதி கழிந்துவிடுவதாகத் தாராளமாக வைத்துக்கொண்டாலும், மிச்சம் நைட்ரேட்டாக மாறும்போது 80 கிராமுக்குக் குறையாது. அதை 45 மில்லிகிராம் வரம்புக்குள் அடக்க, நாள்தோறும் 1,800 லிட்டர் சுத்தமான தண்ணீர் கலக்க வேண்டும். ஆளுக்கு 135 லிட்டர் வீதம் அந்த வீடு செலவழிப்பது 675 லிட்டர். பாக்கி 1,100 லிட்டருக்கு மேல் மழைதான் தர வேண்டும்.

பெங்களூரில் ஆண்டுக்குச் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. பாறை நிலத்தில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினால் அதிகம். அந்தக் கணக்குப்படி ஒரு குடும்பத்தின் கழிவு நீர்த்துப்போக ஓர் ஏக்கருக்குச் சற்று கூடுதலான நிலத்தின் மழை தேவை. அவருடைய லேஅவுட்டில் சாலை போக ஏக்கருக்கு 20 மனைகள். சிமென்ட் போட்ட முற்றங்களில் மழை இறங்குவதும் இல்லை.

நாட்டுக் கணக்கு இன்னும் பெரிது. நிலத்தடி நீரில் நைட்ரேட் வரம்பை மீறிய மாவட்டங்கள் 2017-இல் 359. 2023-இல் 440 என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024-ஆம் ஆண்டு அறிக்கை. வயல்களில் போடும் யூரியாவுக்கு இதில் பெரும் பங்கு. ஆனால் வயலே இல்லாத தெருக்களில் யாரைக் குற்றம் சொல்வது? கோலார் மாவட்டம் முல்பாகலில் நிலத்தடி நீரை ஆராய்ந்த இந்திய அறிவியல் கழகத்தினர் கழிப்பறைக் குழிகளின் கசிவைத்தான் சுட்டிக்காட்டினார்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் வாங்கலாம். அது பிரித்தெடுத்த நைட்ரேட், கழிவுநீரோடு அதே குழிக்குத்தான் திரும்பும். டேங்கை அடிக்கடி காலி செய்தாலும் அதிகம் மிச்சமாகாது; நைட்ரஜனில் பெரும்பகுதி தெளிந்த நீரோடு முன்பே வெளியேறியிருக்கும்.

காலண்டர் தாளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினார். அவர் முகம் சுருங்கியது. "எங்க குழி உங்க போர்வெல்லுக்கு 60 அடி தள்ளித்தானே சார் இருக்கு?"

"அடியில ஒண்ணும் இல்லை சார். நம்ம தெருவில எத்தனை வீடுன்னு எண்ணுங்க."

எண்ணினார்கள். மொத்தம் 34. பாதாளச் சாக்கடை கேட்டு எழுதிய மனுவில் மறுநாள் 34 வீட்டுக் கையெழுத்தும் விழுந்தது. முதல் கையெழுத்து, 40 அடிக்குள் குழி வைத்திருந்தவருடையது.