எல்லைக்கு இந்தப் பக்கத்துப் பனை

பனை தானாக எதையும் தருவதில்லை. இதைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் என் அக்கா பேரன் தை மாதம் நாசிக் போய், சின்னச் சின்ன ஒயின் ஆலைகளாகத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு வந்தான். போன இடமெல்லாம் முதலாளியே நின்று, எந்தச் சரிவில் எந்தக் கொடி, எந்த மண்ணுக்கு எந்த ருசி என்று விளக்கினாராம். ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில், “உங்க வேல சுலபம் தாத்தா. மரமே குடுத்துடும், பானைய கட்டினா போதும்” என்றான். முழங்கால் விட்டுப்போய், போன ஆடியோடு பனை ஏறும் தளையைக் கழற்றி மாட்டிவிட்டவன் நான். எழுத நேரம் இருக்கிறது. எழுதுகிறேன்.

நாசிக்கை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1990களின் கடைசியில் அங்கே புதிதாக ஒயினுக்கென்றே கொடி நட்டார்கள். 2001இல் மகாராஷ்டிர அரசு திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை வகுத்தது. அதற்கப்புறம் ஆலைகள் பெருகின. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தேனிப் பக்கம் திராட்சையிலிருந்து ஒயினும் செய்கிறார்கள். அரசு கூட நின்றால் ஒரு தலைமுறைக்குள் ஒரு வட்டாரமே பேர் வாங்கிவிடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

எங்களுக்கு என்ன கிடைத்தது? 1978இல் பனை மாநில மரமானது. 1987 ஜனவரி 1 முதல் அந்த மரத்தில் கள் இறக்குவது குற்றமானது. எங்கள் எளாவூரிலிருந்து வடக்கே ஆரம்பாக்கம், அதைத் தாண்டினால் தடா, ஆந்திரா. அங்கே இதே வேலைக்குச் சங்கம் இருக்கிறது, உரிமம் இருக்கிறது. மரம் அதே மரம். பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் உப்புக்காற்றும் அதேதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு இருக்கிறதா இல்லையா, அது ஒன்றுதான் வித்தியாசம். சுண்ணாம்பு இருந்தால் பதநீர், இல்லாவிட்டால் கள். இந்தப் பக்கம் அதற்குப் பெயர் வழக்கு.

அந்தச் சுண்ணாம்பிலும் ஒரு கை இருக்கிறது. ஏரியில் புதைந்து கிடக்கும் கிளிஞ்சலை வாரிச் சுட்ட சுண்ணாம்புதான் எங்களுக்கு வாகு. குழைத்துக் கலயத்தின் உள்சுவரில் விரலால் சுற்றித் தடவ வேண்டும். அடியில் கட்டியாக நிற்கக் கூடாது. குறைந்தால் காலை வெயில் ஏறும்போதே நுரை கட்டிவிடும். கூடினால் நாக்கு காரும், காய்ச்சினால் கருப்பட்டி கறுத்துக் கெட்டுப்போகும். வாடை அடிக்கும் தை மாதத்துக்கு ஒரு அளவு, சித்திரைப் புழுக்கத்துக்கு வேறு அளவு. மழை மூட்டம் போட்டால் அதுவும் மாறும். இப்போது ஏறுகிற பையன்கள் பயத்திலேயே அள்ளி அப்புகிறார்கள். பயம் நியாயமானதுதான். சோதனைக்கு வருகிறவர் கலயத்தை முகர்ந்து பார்த்து, லேசாகப் புளிப்பு வாசனை வந்தாலும் உடைத்துவிட்டுப் போகிறார். ஆனால் அந்தப் பதநீரைக் குடிக்கிறவன் பனையின் ருசி இதுதான் என்று நினைத்துக்கொள்கிறானே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் பெரியப்பா. ஏறுவதை அவர் ஒரு வேலையாகவே மதித்ததில்லை. “ஏற்றதுக்கு ஓணான் போதும்” என்பார். அவருக்கு எல்லாமே ஆண்பாளையில் கடிப்புப் போடுவதுதான். மட்டை கழித்து, பாளை உறித்து, அலகுகளைச் சேர்த்துக் கட்டிய பிறகு, அலகை நெருக்கும் இடுக்கியான கடிப்பைக் கையில் எடுக்க வேண்டும். அடியிலிருந்து நுனிக்குப் போக வேண்டும். முதல் நாள் பட்டும் படாமலும், அடுத்தடுத்த நாள் ஒரு பிடி கூட்டி. வெளித்தோல் நசுங்கினால் அலகு அழுகும். உள்நார் இளகாவிட்டால் எத்தனை நாள் சீவினாலும் சொட்டு வராது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. கடிப்புக்குள் முறுமுறுவென்று நின்ற அலகு திடீரென்று எதிர்ப்பை விடும். அந்த நொடியில் நிறுத்த வேண்டும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியாது. உள்ளங்கைக்குத்தான் தெரியும்.

அதைக் கற்க எனக்கு வருஷக்கணக்கில் ஆனது. வெட்டிப்போட்ட பாளைகளைத் தரையில் பரப்பி, கண்ணைக் கட்டிக் கடிக்கச் சொல்வார். முடித்ததும் கட்டைவிரலால் அலகு அலகாகத் தடவிப் பார்ப்பார். “இங்க ஏன் தாண்டின?” என்பார். நான் தாண்டியது எனக்கே தெரிந்திருக்காது. மரத்திலும் விடமாட்டார். நான் இறங்கியதும் அந்த வயதிலும் தானே ஏறி ஒவ்வொரு பாளையாகச் சோதிப்பார். கோபம் வந்தால் மேலிருந்தே கத்துவார்: “இன்னாடா அவசரம் ஒனக்கு? மரம் எங்கயாவது ஓடிப்போவுதா?” ஒரு பருவம் முழுக்க என்னைப் பெண்பனைக்கே அனுப்பினார். ஆண்பனைப் பக்கமே விடவில்லை. ஊரில் அவரைக் கொடுமைக்காரர் என்றார்கள். பக்கத்துத் தோப்பில் ஆண்பனைகள் வறண்டு நின்ற வருஷத்திலும் அவருடைய மரங்கள் வைகாசி வரை ஊறின. அதற்கப்புறம் யாரும் பேசவில்லை.

சீவலுக்கும் அவரிடம் ஒரு கணக்கு உண்டு. விழுகிற சீவல் பூண்டுத் தோல் கனம்தான் இருக்க வேண்டும். தடித்தால் பாளை சீக்கிரம் தீர்ந்து பருவம் சுருங்கும். மெலிந்தால் வாய் திறக்காது. அதற்கு அரிவாள் வெள்ளைக்கல் பொடியில் தினமும் தீட்டப்பட்டிருக்க வேண்டும். இன்று யார் தீட்டுகிறார்கள்?

கள்ளின் பக்கமும் எனக்குத் தெரியும். பெண் எடுத்த வீடு ஆந்திராவில், சூலூர்பேட்டை பக்கம். மச்சானோடு சேர்ந்து அங்கே முறையாகவே இறக்கியிருக்கிறேன். பேரன் சொன்ன நாசிக் ஆலைகளில் வெள்ளை ஒயினை எஃகுத் தொட்டியில் 15 டிகிரி பக்கம் குளிரவைத்து, நாள்கணக்கில் மெதுவாகப் புளிக்கவைக்கிறார்களாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. பனஞ்சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பன்னிரண்டு பங்கு சர்க்கரை. பாளை வாயிலிருந்து விழுந்த உடனே காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் அதைப் பிடித்துக்கொள்கிறது. மரத்தின் உச்சியிலேயே புளிப்பு தொடங்கிவிடும். இனிப்பும் வெறியும் சமமாக நிற்கிற சில மணி நேரம்தான் கள்ளுக்கு உயிர். ஒரு நாள் தாண்டினால் அது காடி. ஒயினை வருஷக்கணக்கில் வைத்திருக்கலாம். கள்ளை மரத்தடிக்குப் போய்த்தான் குடிக்க வேண்டும். அப்படிப் போனால் தோப்புக்குத் தோப்பு வேறு ருசி. ஏரிக்கரை மணல்மேட்டு மரத்துச் சாறு தொண்டையில் ஒரு கரிப்பை விட்டுச் செல்லும். உள்ளே செம்மண் மரத்தில் அந்தக் கரிப்பு இல்லை, தேன்போல இறங்கும். பேரனைத் தடா பக்கம் கூட்டிப்போய் இரண்டையும் குடிக்க வைத்தேன். வித்தியாசம் தெரிகிறது என்று அவனே சொன்னான். மண்ணுக்கும் ருசிக்கும் உறவு கொடிக்கு மட்டும் இருக்குமா என்ன?

அந்தப் பக்கம் எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. தெலுங்கு நாட்டில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட்டும் அல்பிரசோலமும் கலக்கிற அநியாயம் பல வருஷமாக நடக்கிறது. 2025 ஜூலையில் ஹைதராபாத் கூகட்பள்ளியில் கலப்படக் கள் குடித்துப் பலர் செத்தார்கள். மரத்துக்கும் குடிக்கிறவனுக்கும் நடுவில் ஏறத் தெரியாத ஆள் புகுந்தால் இதுதான் கதி. இந்தப் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? நெடுஞ்சாலையோரம் பதநீர் என்று விற்பதில் பாதி, சாக்கரினும் சுண்ணாம்புத் தண்ணீரும். பருவம் முடிந்து ஐப்பசியிலும் விற்கிறார்கள், காரை நிறுத்தி வாங்கியும் குடிக்கிறார்கள். ஐப்பசியில் இந்தக் கரையில் எந்தப் பனை ஊறுகிறது என்று ஒருவரும் கேட்பதில்லை. யாழ்ப்பாணத்தில் பனங்கள்ளைப் புட்டியில் அடைத்துக் கூட்டுறவுச் சங்கம் விற்கிறது, வெளிநாட்டுக்கும் போகிறது. நினைத்தால் செய்யலாம்.

எங்கள் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் போய்விட்டார்கள். மாதச் சம்பளம், கால் தரையில் இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. செங்கல் சூளைக்கு அடுக்கடுக்காகப் போன மரங்களுக்கு அளவில்லை. இப்போது பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்கிறார்கள், நல்லது. பனை ஏறும் கருவி கண்டுபிடிப்பவருக்குப் பரிசு என்றும் அறிவித்தார்கள். கருவி ஆளை மேலே கொண்டுபோய் விடும். மேலே போனவன் கையில் கடிப்பைக் கொடுத்து, கண்ணைக் கட்டி, கட்டைவிரலால் தடவிப் பார்த்துத் திட்டுகிற ஆளுக்கு யாராவது சம்பளம் ஒதுக்கியிருக்கிறார்களா? ஒதுக்கினால், முழங்கால் போனாலும் என் கை இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. எளாவூரில் தரையில் உட்கார்ந்தே சொல்லித்தருவேன்.