மிதி நின்றால் துடுப்பு

பெடல் கயாக் வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது, "கையே வலிக்காது" என்பதுதான். உண்மை. சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்துக்கொண்டே போகலாம். கை சும்மா இருப்பதால் தூண்டில் போடலாம், படம் எடுக்கலாம், தேநீர்கூடக் குடிக்கலாம். கைத் தசைகளைவிடக் கால் தசைகள் பெரியவை. மணிக்கு 5, 6 கிலோமீட்டர் வேகம் ஒரு சிரமமாகவே தெரியாது. பாசிர் ரிஸ் கடற்கரையில் புறப்பட்டவர், புலாவ் உபின் மரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கும்போதுதான், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமா என்று திரும்பிப் பார்ப்பார்.

என் கவலையே அந்த இடத்தில்தான். காலால் போன தூரத்தைக் கையால் திரும்பி வர முடியுமா?

ஒரு சின்னக் கணக்கு. நீரோட்டம் 2 நாட் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர். மிதி நின்றுவிட்டால் ஒரு மணி நேரத்தில் படகு தானாக மூன்றரைக் கிலோமீட்டருக்குமேல் போய்விடும். மீன்பிடிக் கருவிகள் ஏற்றிய கனமான கயாக்கைத் துடுப்பால் தள்ளினால் மணிக்கு 3, 4 கிலோமீட்டர் கிடைத்தாலே பெரிது. அதாவது எதிர் நீரோட்டத்தில் வியர்வை வழியத் துடுப்புப் போட்டும் இருந்த இடத்திலேயே இருப்போம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் ஏற்ற இறக்கம் அதிகம், ஓட்டமும் அதிகம். நாள்காட்டியில் அமாவாசை பார்க்கும் பழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. கயாக்காரர்களுக்கும் அது நல்ல பழக்கம்.

வானொலியில் காலை நேரம் பேசும் எனக்கு, சில செய்திகள் வாசித்த பிறகும் வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும். 2019 ஆகஸ்ட் 8ஆம் தேதி, தேசிய தினத்துக்கு முந்தைய நாள், ஜொகூரின் மெர்சிங் பகுதியில் குழுவாகக் கயாக் ஓட்டிய சிங்கப்பூரர்களில் இருவர் மற்றவர்களிடமிருந்து பிரிந்துபோனார்கள். அந்த நீண்ட வார இறுதி முழுவதும் தேடல் செய்தி வந்துகொண்டே இருந்தது. ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து, வடக்கே வெகு தொலைவில், திரெங்கானு மாநிலக் கடற்பகுதியில் இருவரின் உடல்களும் கிடைத்தன.  காற்றும் நீரோட்டமும் ஒரு சிறு படகை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதை வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. பழுதான படகுக்கு எதிரி பழுது அல்ல; பழுது பார்க்கும் நேரத்தில் நகர்ந்துகொண்டே இருக்கும் தண்ணீர்.

பெடல் கயாக்கில் பொதுவாக இரண்டு வகை. ஒன்று, 1997இல் ஹோபி நிறுவனம் அறிமுகப்படுத்திய துடுப்புச்சிறகு வகை. கால்களை மாறி மாறித் தள்ளினால், படகின் அடியில் இரண்டு சிறகுகள் பென்குயின் நீந்துவதுபோல் பக்கவாட்டில் அசையும். (அந்த நிறுவனத்தைத் தொடங்கிய ஹோபி ஆல்ட்டர் உலகப் புகழ்பெற்றது 'கேட்டமரான்' பாய்மரப் படகுகளால். அந்தச் சொல்லே நம் கட்டுமரம்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.) மற்றது, சைக்கிள்போலவே வட்டமாக மிதித்துச் சின்ன புரொப்பல்லரைச் சுழற்றும் வகை. முதல் வகையில் கம்பிவடம், சங்கிலி, சிறகைத் தாங்கும் உலோகத் தண்டு ஆகியவை தேயும், வளையும். இரண்டாம் வகையில் பல்சக்கரங்கள் எண்ணெயில் மூழ்கி ஒரு குழாய்க்குள் மூடியிருக்கும். அதன் ரப்பர் சீல் பழுதானால் உப்புத் தண்ணீர் உள்ளே போகும்.

எங்களுடையது இரண்டாம் வகை. எங்களுடையது என்றால், என்னுடையதும் என் மாமாவுடையதும். மாமா செம்பவாங்கில் கப்பல் பட்டறையில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். படகுகள் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை இடத்தில் கிடக்கின்றன. நல்ல வேளையாக டிரைவ் மட்டும் தனியாகக் கழன்று வரும். அதை முதல்முறை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அம்மா கேட்டார்: "ஏண்டா, யாரு சைக்கிள உடைச்சுத் தூக்கிட்டு வந்திருக்கீங்க?"

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அது எங்கள் குளியலறை வாளியில் நல்ல தண்ணீரில் குளிக்கும். மேலே தண்ணீர் பீய்ச்சினால் போதாது. ஊற வைத்து, மிதியைச் சுற்றிச் சுற்றி, இடுக்கில் இருக்கும் உப்பு கரைய வேண்டும். பிறகு துடைத்து, நிழலில் காய வைத்து, திருகாணிகளைத் தொட்டுப் பார்ப்போம். ஆடும் திருகாணி கையில்தான் தெரியும், கண்ணில் தெரியாது. புரொப்பல்லரைக் கழற்றி அச்சில் தூண்டில் நரம்பு சுற்றியிருக்கிறதா என்று பார்ப்போம். தலைமுடி அளவு நரம்பு, வெண்ணெயில் கத்திபோல் சீலை அறுத்துவிடும். சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் எண்ணெயை வடித்துப் பார்ப்பார் மாமா. தெளிவாக இருந்தால் நல்லது. பால் விட்ட காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது.

மாற்று ஆணிகளும் கடல்நீர் தாங்கும் கிரீஸும் ஜாலான் புசார் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் வாங்குவோம். சனிக்கிழமை தேக்காவில் அம்மாவுக்கு மீன், காய்கறி முடித்த கையோடு அங்கே நடந்துவிடலாம். ஆணி வாங்கும்போது மாமா 316 ரகமா என்று கேட்காமல் விடமாட்டார். சமையலறை எவர்சில்வர் பெரும்பாலும் 304; 316இல் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பை இன்னும் கொஞ்சம் தாங்கும். "கடலுக்கு எவர்சில்வர்னு தெரியாது பாப்பா, இரும்புன்னுதான் தெரியும்" என்பது அவர் வேதம். சுக்கானைப் பிடிக்கும் ஆணி மட்டும் வேறு கதை. பல படகுகளில் அது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்டது. பாறையில் இடித்தால் சுக்கான் உடையாமல் ஆணி உடைய வேண்டும். அதைக் கெட்டியான ஆணியாக மாற்றும் புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். இரண்டு மாற்று ஆணிகளைப் படகிலேயே ஒட்டி வைத்துக்கொள்வது போதும்.

இவ்வளவு பார்த்தாலும் பழுது வரும். போன ஆண்டு ஒரு காலை, உபினுக்கும் பாசிர் ரிஸ்ஸுக்கும் இடையில், மாமாவின் மிதி சட்டென்று இறுகிப்போனது. அவர் குனிந்து டிரைவைப் பார்க்கவில்லை. முதலில் துடுப்பைக் கையில் எடுத்தார். படகு போகும் தடத்திலிருந்து விலகி, ஆழம் குறைந்த ஓரத்துக்கு வந்து, ஒன்றரைக் கிலோ மடக்கு நங்கூரத்தை இறக்கினார். அதுவும் படகின் பக்கவாட்டில் அல்ல, முனையிலிருந்து. பக்கத்தில் கட்டினால் நீரோட்டம் படகைக் கவிழ்த்துவிடும். படகு நின்ற பிறகுதான் டிரைவை மேலே தூக்கினார். யாரோ வீசிய பழைய வலைத் துண்டு அச்சில் திரிபோல் சுற்றியிருந்தது. கத்தியும் கட்டிங் பிளேயரும் ஆளுக்கொரு கயிற்றில் அவர் சட்டையோடு கட்டியிருந்தன. கடலில் கைதவறிய கருவி திரும்பி வராது. இருபது நிமிடத்தில் வலை முழுதும் வந்தது. மிதியும் சுற்றியது.

நான் கிளம்பலாம் என்றேன். மாமா டிரைவைப் படகின்மேல் படுக்க வைத்துக் கட்டினார். "சுத்துது. எத்தன நேரத்துக்கு சுத்தும்னு தெரியாது. கையால போயிடலாம்." கையால் வந்தோம். நான் கயிறு கட்டிக் கொஞ்ச தூரம் இழுத்தேன், பிறகு அவர் கோபித்துக்கொண்டு அவிழ்க்கச் சொன்னார். வீட்டில் வந்து எண்ணெயை வடித்தபோது நிறம் மங்கி, பால் கலந்ததுபோல் இருந்தது. சீல் அறுந்திருந்தது.

அன்று கை கொடுத்தது துடுப்பு மட்டுமல்ல, பழக்கமும்தான். பெடல் கயாக் வாங்கும் பலர் துடுப்பைக் கூடவே வந்த அலங்காரமாக நினைக்கிறார்கள். நாங்கள் மாதம் ஒருமுறை டிரைவைக் கரையிலேயே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் துடுப்பு மட்டும் போடுகிறோம். அலுப்பான வேலைதான், சொல்லிவிடுகிறேன். கவிழ்ந்த படகில் மீண்டும் ஏறுவது அதைவிடக் கடினம். மேடான இருக்கையும் தூண்டில் தாங்கிகளும் வைத்த படகில் இன்னும் கடினம். அடிப்படை கற்காதவர்கள் மக்கள் கழகத்தின் பேஷன் வேவ் நிலையம் ஒன்றில் தொடக்கநிலைக் கயாக் பயிற்சிக்குப் போகலாம். வேண்டுமென்றே கவிழ்ந்து எழும் பயிற்சி அதில் உண்டு. உடை நனையும், மானம் போகாது.

மற்றவை சிறு சிறு பொருள்கள். உயிர்காப்பு அங்கி மடியில் அல்ல, உடம்பில். அதில் ஒரு விசில். நீர்புகாப் பையில் கைபேசி, அதுவும் உடம்பில். படகில் கட்டி வைத்த கைபேசி படகோடு போய்விடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை இன்னொன்றும் பார்க்க வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து வரும் புயற்காற்று பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும்தான் அடிக்கும். மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகம் இருக்கும். கயாக்காரர்கள் புறப்படும் நேரமும் அதுவே. மேற்கு வானம் கறுத்திருந்தால் நாங்கள் கரையில் பரோட்டா சாப்பிடுவோம்.

புறப்படும் முன் அம்மாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. "நல்லபடியா போயிட்டு வர்றோம்" என்று அனுப்புவதை மாமா நிறுத்திவிட்டார். இப்போது போவது இப்படி: "பாசிர் ரிஸ், 7 மணி. உபின் பக்கம். ரெண்டு படகு, மஞ்சள் ஒண்ணு, பச்சை ஒண்ணு. ரெண்டு பேரும் ஆரஞ்சு அங்கி. 11 மணிக்குக் கரை. 11.30 வரைக்கும் நாங்க கூப்பிடலைன்னா நீங்க எங்களக் கூப்பிடுங்க. எடுக்கலைன்னா யோசிக்காம 999."