பாயில் ஓர் இடம்

எங்கள் மகன் டவுன் நோய்க்குறியோடு பிறந்தவன். உயிரணுவில் இருபத்தோராம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக அமைவதே அதன் காரணம். கத்தோலிக்க மருத்துவர் ஜெரோம் லெஜூனும் அவருடன் உழைத்தோரும் 1959இல் இதனை வெளியிட்டனர். யார் செய்த பாவமோ என்று கலங்கிய பாட்டியை இதைச் சொல்லியே தேற்றினோம்.

மூன்று வயதில் மழலையர் பள்ளி ஒன்றுக்கு அழைத்துச் சென்றோம். மற்றப் பெற்றோர் என்ன சொல்வார்களோ என்று தயங்கித் திருப்பி அனுப்பினர். அவர்களைக் குறைகூற எங்களுக்கு வாயில்லை. அவனை வீட்டில் விட்டு, முறைவைத்து ஞாயிறு திருப்பலிக்குச் சென்றவர்கள்தாமே நாங்கள்!

பின்னர் அங்கன்வாடியில் சேர்த்தோம். இத்தகைய குழந்தைகளை அங்கன்வாடிகளில் சேர்த்துப் பேணுதற்குரிய நடைமுறையை மத்திய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டதை அங்கிருந்த ஆசிரியைதான் எங்களுக்குச் சொன்னார். அவர் தனிப் பாய் விரிக்கவில்லை. மற்றப் பிள்ளைகளின் நடுவிலேயே அமர்த்தினார். சொல்லோடு சைகையும் காட்டுவார். ஒரு நேரத்தில் ஒன்றே சொல்வார். இவர்கள் கேட்டுக் கற்பதினும் கண்டு கற்பது எளிதாம்.

தசைத் தளர்ச்சியால் அவன் கையில் தம்ளர் நழுவும்; ஆதலால் வீட்டில் நாங்களே புகட்டிவந்தோம். அங்கோ, பக்கத்துச் சிறுமி இரு கைகளாலும் பிடித்துக் குடிப்பதைப் பார்த்து, மூன்றாம் வாரம் தானே பிடித்தான். சட்டை நனைந்தது, நனையட்டும்.

சென்ற ஞாயிறு மூவருமாக ஆலயத்தில் முன்வரிசையில் அமர்ந்தோம். மறையுரையின் நடுவே அவன் உரக்கச் சிரித்தான். இருவர் திரும்பிப் பார்த்தனர். நாங்கள் எழுந்து வெளியே செல்லவில்லை.