ஆமணக்கெண்ணெய் வாசனை

ஆமணக்கெண்ணெய் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது, பாட்டி விடியற்காலையில் நம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் ஊற்றிய அந்தப் பாலாடைதான். அதே வாசனையை ஐயாயிரம் மைலுக்கு அப்பால், இங்கிலாந்து தேசத்தில் ஒரு புல்வெளியில் முகர நேர்ந்தபோது நாம் திடுக்கிட்டுப் போனோம்.

அந்தப் புல்வெளி பெட்போர்டுஷயரில் ஓல்டு வார்டன் என்ற கிராமத்தில் இருக்கிறது. நம் தங்கையின் குடும்பம் பக்கத்து ஊரில் வசித்தபடியால், சில ஆண்டுகளுக்கு முன் இரண்டு மே மாதங்களில் அங்கே போய்ப் பழைய ஆகாய விமானங்கள் பறப்பதைப் பார்க்கும் பாக்கியம் வாய்த்தது. விமான நிலையம் என்றதும் தார்ப் பாதையையும் கண்ணாடி மாளிகையையும் வாசகர்கள் கற்பனை செய்ய வேண்டாம். ஆடு மேய்க்கலாம் போன்ற வெறும் புல்தரைதான். அதற்குக் காரணமும் உண்டு. ஆதிகாலத்து விமானங்களுக்குத் தடைக்கருவி கிடையாது. வாலின் அடியில் உள்ள கட்டை தரையில் உரசித்தான் ஓட்டம் நிற்கும். பக்கக் காற்றும் அவற்றுக்கு ஆகாது. அகன்ற புல்வெளியானால் காற்று வரும் திசை பார்த்து இறங்கலாம்.

இந்த விமானங்களைத் தேடித் தேடிச் சேர்க்கத் தொடங்கியவர் ரிச்சர்ட் ஷட்டில்வொர்த் என்ற செல்வந்தர் வீட்டுப் பிள்ளை. 1909ல் பிறந்தவர். 1933ல் டில்லியில் நடந்த விமானப் பந்தயத்துக்காகச் சிறு விமானம் ஒன்றில் சீமையிலிருந்து நம் நாடு வரை பறந்து வந்த துணிச்சல்காரர். யுத்த காலத்தில் விமானப் படையில் சேர்ந்து, 1940ல் பயிற்சியின்போது விபத்தில் மாண்டார். வயது முப்பத்தொன்று. ஒரே பிள்ளையைப் பறிகொடுத்த தாயார் 1944ல் அவர் பேரால் தர்மஸ்தாபனம் ஏற்படுத்தினார். மகனைக் கொன்ற வித்தையின் பேரிலேயே அந்த அம்மாள் அறம் செய்தார் என்பதை நினைத்தால் மனம் என்னவோ செய்கிறது.

எண்ணெய்க்கு வருவோம். 1914ல் மூண்ட யுத்த காலத்து விமானங்கள் சிலவற்றில் யந்திரமே விசித்திரமானது. சாதாரண யந்திரத்தில் உருளைகள் அசையாதிருக்க, நடுத்தண்டு சுழலும். இதிலோ தண்டு விமானத்தோடு பிணைக்கப்பட்டிருக்க, ஒன்பது உருளைகளும் விசிறியோடு சேர்ந்து சுற்றுகின்றன! மற்ற எண்ணெய்கள் பெட்ரோலில் கரைந்துபோகுமாகையால் எளிதில் கரையாத ஆமணக்கெண்ணெயை விடுகிறார்கள். உள்ளே போன எண்ணெய் திரும்பி வருவதில்லை. புகையாகவும் துளியாகவும் வெளியே தெறிக்கிறது. அந்நாளைய விமானிகள் அதை விழுங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அலைந்தார்களாம். பாட்டி நினைவில் நாம் வாய்விட்டுச் சிரித்தோம். இன்று உலகத்து ஆமணக்கில் பெரும்பகுதி நம் குஜராத்தில் விளைகிறது என்பதைப் பக்கத்திலிருந்த வெள்ளைக்காரக் கிழவரிடம் கொஞ்சம் கர்வத்துடனேயே சொல்லிவைத்தோம்.

அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிலைக்கவில்லை. அடுத்து எழும்பியது 1918ல் கட்டப்பட்ட பிரிஸ்டல் போர் விமானம். மாலை வெயிலில் அதன் இரட்டைச் சிறகுகள் பொன்போல் மின்னின. என்ன அழகு! கூட்டம் கைதட்டியது. நம் கைகள் மட்டும் எழவில்லை. 1920க்குப் பின் எல்லைப்புற மாகாணத்து மலைஜாதியாரின் கிராமங்கள்மேல் குண்டு போட ஏவப்பட்ட விமானங்களில் இந்த வகையும் உண்டு. அதற்கும் முன்னால், 1919 ஏப்ரல் 14ந் தேதி, ஜாலியன்வாலா பாக் படுகொலைக்கு மறுநாள், இரட்டைச் சிறகு விமானங்கள் லாகூரிலிருந்து குஜ்ரன்வாலாவுக்கு ஏவப்பட்டன. ஊர் இன்று பாகிஸ்தானத்தில் இருக்கிறது. வெடிகுண்டும் யந்திரத் துப்பாக்கியும் ஜனங்கள்மேல் பிரயோகிக்கப்பட்டன. கல்சா பள்ளிக்கூடத்து மாணவர் விடுதியும் தப்பவில்லை. ஹண்டர் விசாரணைக் குழுவின் 1920ம் வருஷத்து அறிக்கையிலேயே இவ்விஷயம் பதிவாகியிருக்கிறது. வருஷந்தோறும் வகுப்பில் அமிர்தசரஸைப் பற்றிச் சொல்லும் நாம், இதைச் சொல்லாமல் விட்ட வருஷங்களே அதிகம். மணி அடித்துவிடும், பாடம் முடிந்துவிடும்.

"மாமா, நீங்கள் ஏன் கைதட்டவில்லை?" என்றாள் தங்கையின் மகள். ஒன்பது வயது. மழுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு, அவளுக்குத் தக்கபடி சுருக்கிச் சொன்னோம். அவள் புல்லைக் கிள்ளிக்கொண்டே கேட்டாள்.

"அந்த அண்ணாமார்கள் அதற்கு முன் விமானம் பார்த்திருப்பார்களா, மாமா?"

"பார்த்திருக்க மாட்டார்கள், அம்மா."

"அப்படியானால், சத்தம் கேட்டதும் சந்தோஷமாக வெளியே ஓடி வந்திருப்பார்கள்."

இருபது வருஷம் சரித்திரம் போதிக்கும் நமக்கு இது தோன்றியதே இல்லை.

அஸ்தமன சமயத்தில் காற்று அடியோடு ஓய்ந்தது. முந்தைய முறை காற்றின் காரணமாகக் கொட்டகையை விட்டு வெளியே வராத பிளேரியோவை இப்போது தள்ளிக்கொண்டு வந்தார்கள். 1909ல் கட்டியது, அதே வருஷம் இங்கிலீஷ் கால்வாயைத் தாண்டிய வகை. மூன்றே உருளைகள், மூங்கில் தட்டி போன்ற உடல், திரும்ப வேண்டுமானால் சிறகையே முறுக்க வேண்டும். வயதைக் கருதி அதை வட்டமடிக்க விடுவதில்லை. நேராகக் கொஞ்ச தூரம் தத்தி இறங்குவதோடு சரி. யுத்தம் என்பதையே அறியாத வயதில் பிறந்த யந்திரம், இருமி இருமி ஓடி, ஓர் ஆள் உயரம் எழும்பிற்று. நாம் எழுந்து நின்றிருந்தோம். கைகள் எப்போது தட்டத் தொடங்கினவோ தெரியாது. குழந்தை விமானத்தைப் பார்க்கவில்லை. நம் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் தட்டினாள்.