மேய்ச்சல் காட்டில் வாழும் பேச்சு

போடி, கம்பம் பக்கம் பல வீடுகளில் அடுப்படிப் பேச்சு தெலுங்கு அல்லது கன்னடம், கடைத்தெருவில் தமிழ். பல தலைமுறைக்கு முன் வடக்கிருந்து வந்தவர்கள். பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழ் என்பதால், வீட்டு மொழி வாய்வழியாகவே ஓடுகிறது. நம் எருது அவர்களுக்கு ‘எத்து’. கம்பத்தில் ‘தம்பிரான் மாடு’ என்று கோயிலுக்கு விட்ட மாடுகளை ஏரில் பூட்டுவதில்லை. மாட்டுப் பொங்கலன்று அந்தத் தொழுவத்தில் கூடும் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே!

மாடு இருக்கும்வரைதான் மாட்டைச் சுற்றிய சொற்களும். போடிக்கு அருகே பொட்டிபுரத்தில், அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. எதிர்த்தவர்கள் தண்ணீரோடு மேய்ச்சலையும் சேர்த்தே பேசினார்கள். அதை வெறும் புல் கணக்காகப் பார்த்தவர்களே அதிகம். அந்தப் பக்கம் போனால், மலையடிவாரத்தில் மாடு மேய்ப்பவரிடம் நின்று பேசிவிட்டு வாருங்கள்.