அழித்தது எங்கள் கைதான்

திருக்கோகர்ணத்தில் எங்கள் மாலைநேரப் படிப்பகத்தில் செய்த ஒரு தவறை எழுதுகிறோம்.

அரசு தந்த பழைய விலையில்லா மடிக்கணினி ஒன்றில் உபுண்டு நிறுவ உட்கார்ந்தோம். யாருக்கும் பழக்கமில்லை. திரையில் வந்த ஆங்கில வரியை முழுதாகப் படிக்காமலே "ஓகே கொடு" என்றோம். கல்லூரித் தங்கை அழுத்தினாள். வட்டு முழுவதையும் அழித்துவிட்டு நிறுவு என்பதே அதன் பொருள். வீட்டுமனைப் பட்டாவுக்காக 40 குடும்பங்கள் தந்திருந்த விவரங்கள் போயின. வேறு நகல் இல்லை.

அவள் அழுதாள். "இதெல்லாம் நமக்கு எதுக்கு?" என்றார் எங்களில் ஒருவர். பள்ளி வாசலில் நம் பாட்டன்மாரைத் திருப்பி அனுப்பிய அதே கேள்வி, இப்போது நம் வாயிலிருந்தே வந்தது.

மறுபடி தெருத்தெருவாகப் போனோம். நடந்ததை மறைக்கவில்லை. சிலர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு மீண்டும் உட்கார்ந்தார்கள். எங்கள் தவறுக்கு விலை கொடுத்தவர்கள் அவர்களே.

1990களின் தொடக்கத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இம்மாவட்டப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுத்தந்தது. அப்போது ஓட்டப் பழகிய ஓர் அம்மா கேட்டார்: "முட்டி தேயாம யாருப்பா கத்துக்கிட்டா? ஆனா, அடுத்தவங்க சைக்கிள்னா பாத்து ஓட்டணும்."

இப்போது எந்த விவரத்துக்கும் இரண்டு நகல். ஒன்று வேறு வீட்டில். உபுண்டுவை நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பழகலாம். முதலில் அதைச் செய்கிறோம். புரியாத வரியை இருவர் சேர்ந்து படிக்காமல் அழுத்துவதில்லை.

அடுத்த கணினியில் நிறுவியதும் அதே தங்கைதான்.