பெயர் சொல்லாத சாட்சிகள்

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தது 1947 மார்ச் 23 முதல் 1949 ஏப்ரல் 6 வரை. முதலமைச்சரை அப்போது பிரதமர் என்றுதான் சொல்வார்கள். இரண்டு வருஷத்துக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். அதற்குள் ஆலயப் பிரவேசச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம், ஜமீன் ஒழிப்புச் சட்டம், மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கு, பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி இடம் வகுத்த வகுப்புவாரி ஆணை, பாரதியின் எழுத்துகளை அரசுடைமையாக்கும் அறிவிப்பு. நாட்டுக்கு விடுதலை வந்ததும் இந்த இடைவெளியில்தான்.

பணி ஓய்வுக்குப் பிறகு இந்த மனிதரின் தடங்களைத் திருவண்ணாமலையில் தேடிச் சேர்ப்பதையே வேலையாக வைத்திருக்கிறேன். அவர் பிறந்தது திண்டிவனத்தை ஒட்டிய ஓமந்தூர். பதவியை விட்டபின் போய்த் தங்கியது வடலூர். 1970 ஆகஸ்டில் காலமானதும் அங்கேதான். பிறகு திருவண்ணாமலையில் என்ன தேடல் என்று கேட்பார்கள். அவர் ரமணரின் அடியவர் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் எனக்கு அதைவிடப் பெரியது. கோட்டையில் அவர் அரசு போட்ட சட்டங்கள் வந்து இறங்கிய இடங்கள் கோயில் வாசலும் தேரடி வீதியும் கள்ளுக்கடையும் நஞ்சை வரப்பும். இவை எல்லாமே இந்த ஊரிலும் சுற்றுக் கிராமங்களிலும் உண்டு. சட்டத்தை எழுதிய இடத்தில் ஒரு அரசியல்வாதியைப் பாதிதான் பார்க்கலாம். மீதி, அது வந்து சேர்ந்த இடத்தில் இருக்கிறது.

முதலில் காகிதம். எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளைத் துறைவாரியாக, ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார்கள். சட்டசபை நடவடிக்கைகள் அச்சிட்ட தொகுதிகளாகவும், அரசிதழ் தனியாகவும் கிடைக்கும். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் அரசாணையின் நகலை எடுத்ததும் வேலை முடிந்தது என்று கிளம்பப் பார்ப்பார்கள். ஆணை என்பது முடிவு மட்டும்தான். அதோடு சேர்த்துக் கட்டியிருக்கும் குறிப்புப் பகுதியில்தான் உயிர் இருக்கிறது. கீழ்நிலை எழுத்தர் முதலில் விஷயத்தைச் சுருக்கி எழுதுவார். கண்காணிப்பாளர் ஒரு வரி சேர்ப்பார். செயலாளர் மாறுபடுவார். கடைசியில் அமைச்சர் இரண்டு வார்த்தை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போடுவார். அந்தத் தேதிகளை வரிசையாக ஒரு தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். ஒரு கோப்பு எந்த மேசையில் வாரக்கணக்காகக் கிடந்தது, எந்த மேசையை ஒரே நாளில் தாண்டியது என்பது அப்போது தெரியும். எந்த ஆட்சியானாலும் அதன் விருப்பு வெறுப்பு அங்கே பதிந்துவிடுகிறது. யாரும் அதைத் திட்டமிட்டுப் பதிக்கவில்லை என்பதால்தான் நான் அதை நம்புகிறேன்.

போர்க்காலத்திலும் அதை ஒட்டியும் வந்த காகிதம் மட்டமானது. மடித்த இடத்தில் தொட்டால் உதிரும். குண்டூசி துருப்பிடித்துத் தாளோடு ஒட்டியிருக்கும். ஊசியை இழுக்கக் கூடாது. காப்பக ஊழியரைக் கூப்பிட்டால் துருவைச் சுற்றி மெல்லத் தளர்த்தி எடுத்துத் தருவார். நகலுக்கு அனுமதி கிடைத்தால் தாளின் நான்கு ஓரமும் தெரியவேண்டும். பின்பக்கம் வெறுமையாக இருந்தாலும் விடக் கூடாது. வந்து சேர்ந்த நாளின் முத்திரை பல சமயம் பின்பக்கத்தில்தான் விழுந்திருக்கும்.

இனிப் பேச்சு. வயதானவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்ய இந்த ஊரில் பௌர்ணமியும் அதன் முன்பின் நாட்களும் உதவாது. கிரிவலக் கூட்டமும் ஒலிபெருக்கியும் வீட்டுக்குள் வரைக்கும் வரும். கார்த்திகை தீபத்தின் பத்து நாளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சாதாரண நாளில், காலைப் பலகாரம் முடிந்து வெயில் ஏறுவதற்குள் போய் உட்கார்ந்தால் பேச்சு நன்றாக வரும். பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுவேன். என்னிடம் சொல்லத் தயங்குவதை அவர்களுக்குச் சொல்லுகிற சாக்கில் சொல்லிவிடுவார்கள்.

தேதி கேட்டால் யாருக்கும் தெரியாது, கேட்கவும் கூடாது. ஊருக்கென்று ஒரு நாட்காட்டி இருக்கிறது, அதை வைத்துத்தான் கேட்க வேண்டும். அது காந்தி சுடப்பட்டதற்கு முந்தின தீபமா, பிந்தின தீபமா? ரமணாசிரமத்தில் ரமணரின் அம்மா சமாதிமேல் கட்டிய மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் ஆகிவிட்டதா? பகவான் ரமணரின் கைக்கட்டியை அறுத்திருந்தார்களா? பகவான் இருந்தாரா, போய்விட்டாரா? காந்தி மறைவு 1948 ஜனவரி 30. கும்பாபிஷேகம் 1949 மார்ச் 17. பகவான் மறைவு 1950 ஏப்ரல் 14. இந்த மூன்று முளைகளை அடித்து வைத்துக்கொண்டால் ஓமந்தூராரின் காலம் முழுவதையும் அவற்றோடு சேர்த்துக் கட்டிவிடலாம்.

இந்த முளைகள் எவ்வளவு தேவை என்பதற்குக் கள்ளுக்கடை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. 'ஓமந்தூரார்தான் கள்ளுக்கடையை மூடினார்' என்று இங்கே பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். மாகாணம் முழுமைக்கும் மதுவிலக்கு நிறைவேறியது 1948 அக்டோபர் 2-ஆம் தேதி, அவர் ஆட்சியில். அது சரி. ஆனால் திருவண்ணாமலை 1911 முதல் வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்த ஊர். 1937-ல் சேலத்தில் தொடங்கிய ராஜாஜியின் மதுவிலக்கு அடுத்த ஆண்டு சித்தூருக்கும் கடப்பைக்கும் போய், 1939-ல் வட ஆற்காட்டுக்கும் வந்துவிட்டது. போர்க்காலத்தில் கடைகளை மறுபடி திறந்தார்கள். ஆக, இந்த ஊர் ஜனங்கள் கடை மூடியதைப் பார்த்தது ஒரு தடவை அல்ல. நினைவு அதை ஒன்றாக்கி, கடைசியில் மூடியவர் கணக்கில் எழுதிவிட்டது. 'கடை மூடினப்போ ரேஷன் இருந்துதா? ஜப்பான்காரன் குண்டு போடுவான்னு பட்டணத்துக்காரங்க இங்க ஓடியாந்தது அதுக்கு முன்னாடியா, பின்னாடியா?' என்று கேட்டால், சொல்பவரே இரண்டையும் பிரித்துவிடுவார். அவரைத் திருத்துவது நம் வேலை அல்ல. சரியான முளையை எடுத்துக் கையில் கொடுத்தால் போதும்.

ஆசிரமத்தைச் சுற்றிய கதைகளில் இன்னும் கவனம் வேண்டும். பதவியை ஏற்க ஓமந்தூராருக்கு மனமில்லை, பகவானிடம் வந்து உத்தரவு பெற்ற பிறகே ஒப்புக்கொண்டார் என்று சொல்வார்கள். அவரே வந்தார் என்பது ஒரு பாடம். வேறு வடிவங்களும் உண்டு. பகவான் பேசவே இல்லை, பார்த்தார், அதுவே உத்தரவு என்பார்கள் சிலர். ஆசிரமத்தில் நாள்வாரிக் குறிப்பு எழுதியவர்கள் இருந்தார்கள். முனகால வெங்கடராமய்யாவின் பதிவு 1935 முதல் 1939 வரை. சித்தூர் வழக்கறிஞர் தேவராஜ முதலியாரின் நாட்குறிப்பு 1945 மார்ச்சில் தொடங்கி 1947 ஜனவரியில் நின்றுவிடுகிறது. ஓமந்தூரார் பதவியேற்றதோ 1947 மார்ச்சில். சூரி நாகம்மா தம் அண்ணனுக்குத் தெலுங்கில் எழுதிய கடிதங்கள் 1945 முதல் 1950 வரை போகின்றன. எந்த வாய்மொழியானாலும் இந்தத் தேதிகளின் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். எது உண்மை என்று தீர்ப்பெழுத நான் உட்காரவில்லை. சொன்னவர் யார், அவருக்கு யார் சொன்னது, அந்த முதல் ஆள் அன்று இந்த ஊரில் இருந்தாரா என்ற மூன்றையும் ஒவ்வொரு பதிவின் தலையிலும் எழுதிவைக்கிறேன். அடியவர்களின் சொல்லில் வளர்ந்த கதை பொய்யாகிவிடாது. ஒரு முதலமைச்சர் எப்படி இருந்திருக்க வேண்டும் என்று இந்த ஊர் விரும்பியது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் இல்லை. ஆனால் அதை அதற்குரிய பெட்டியில் வைக்க வேண்டும்.

அவரை வாழ்த்திப் பேசுகிறவர்களிடம் மட்டும் போனால் ஒரு மனிதர் கிடைக்க மாட்டார், படம்தான் கிடைக்கும். 1948-ல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது அவர் அரசு. எதிர்த்து மறியல் நடந்தது. திராவிடர் கழகத்தின் கருஞ்சட்டைப் படைக்கு அதே ஆண்டு தடை போட்டதும் அவர் அரசு. அதே அரசுதான் 1947 நவம்பரில் வகுப்புவாரி ஆணையைத் திருத்தியது. 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறிஸ்தவருக்குமாக 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பிரித்தது. இதனால் வெகுண்டவர்கள் அவரைத் 'தாடியில்லாத ராமசாமி நாயக்கர்' என்றார்கள். காங்கிரஸ்காரர் வாயில் இந்த இரண்டாவது கதை மட்டும் வரும், கழகத்துக்காரர் வாயில் முதல் கதை. திருவண்ணாமலையில் இது இன்னும் கூர்மை. தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்ற 1957-ல் அந்தக் கட்சிக்கு மக்களவையில் கிடைத்த இரண்டே இடங்களில் ஒன்று நாமக்கல், மற்றொன்று எங்கள் ஊர். ஈ.வெ.கி. சம்பத் அங்கே, இரா. தர்மலிங்கம் இங்கே. சட்டமன்றத்துக்கு ப.உ. சண்முகம். அந்த வெற்றியின் வெளிச்சத்தில் வளர்ந்தவர்கள் 1948-ஐப் பற்றிச் சொல்லும்போது பத்து வருஷம் பிந்தைய சூடும் அதில் கலந்துவிடும். கேட்பவன் இதைத் தெரிந்து கேட்க வேண்டும். அதற்காகவே விடுதலை, சுதேசமித்திரன், தினமணி மூன்றிலும் ஒரே வாரத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டுத்தான் எந்த வீட்டுக்கும் போகிறேன்.

ஆனால் இந்த வேலையில் நான் உறுதியாகப் பிடித்துக்கொண்டிருப்பது வேறு ஒன்று. ஒரு தலைவரைப் பற்றிய வாய்மொழி வரலாறு என்றால் அவரோடு சிறையில் இருந்தவர், காரியதரிசி, உறவினர், கட்சிக்காரர் என்றுதான் பட்டியல் போடுகிறார்கள். அவரைத் தெரிந்தவர்களின் பட்டியல் அது. அவரால் வாழ்க்கை மாறிய, ஆனால் அவரைத் தெரியாத மனிதர்களின் பட்டியலை யாரும் போடுவதில்லை.

ஆலயப் பிரவேசத்தை எடுத்துக்கொள்வோம். 1936-ல் திருவிதாங்கூர் பிரகடனம். 1939 ஜூலையில் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் அழைத்துச்சென்ற பிரவேசம். அதை ஒட்டி ராஜாஜி அரசின் சட்டம். பிறகு ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுமைக்கும் 1947-ன் 5-ஆம் சட்டம். காகிதத்தில் கதை இப்படிப் படிப்படியாகப் போகிறது. ஊரை ஒட்டிய ஒரு கிராமத்தில், சேரியில் பிறந்து வளர்ந்த மூதாட்டி ஒருவரோடு இதைப் பற்றிப் பேசினேன். கோயிலுக்குள் போனபோது மனசு எப்படி இருந்தது என்ற கேள்வியை நான் யாரிடமும் கேட்பதில்லை. எல்லாரும் 'சந்தோஷமா இருந்துச்சு' என்பார்கள், பேச்சு அங்கே முடிந்துவிடும்.

'ஆயா, எந்தக் கோபுரம் வழியா உள்ள போனீங்க?' என்று கேட்டேன்.

'அம்மணியம்மா கோபுரம், தம்பி. பெரிய வாசல்ல எங்க நைனாவுக்குக் கால் வரல. வடக்கால சுத்திக்கினு போனோம்.'

'சட்டம் வந்துட்டது, யாரும் தடுக்க மாட்டாங்கன்னு தெரியுமா?'

'தெரியும். தெரிஞ்சாக்க கால் வந்துடுமா?'

உள்ளே போனபிறகு எவ்வளவு தூரம் போனார்கள், யார் முன்னால் நடந்தது, திரும்பும்போது எந்த வாசல் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். திரும்பியதும் அதே வடக்கு வாசல். கிழக்கு ராஜகோபுரம் வழியாக நைனா கடைசிவரை போகவே இல்லையாம். ஆயா தன் கல்யாணத்துக்குப் பிறகுதான் போனாராம். சட்டத்துக்கும் ராஜகோபுர வாசலுக்கும் நடுவே ஒரு தலைமுறை நின்றிருக்கிறது. எந்த அரசாணையின் குறிப்புப் பகுதியிலும் இது இருக்க வழியில்லை. ஓமந்தூரார் பெயரைச் சொன்னேன். 'அது யாரு?' என்றார். அந்தப் பதிவை ஓமந்தூரார் தொகுப்பில்தான் சேர்த்திருக்கிறேன், அவருடைய அடியவர்கள் தந்த பதிவுகளுக்கு முன்னால்.

இன்னும் போக வேண்டிய வீடுகள் அதிகம். ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1948-ன் 26-ஆம் சட்டம், ஆரணிப் பக்கம் ஜாகீர் நிலத்தில் உழுதவர்களின் வீட்டுக்கு எந்தத் தாளாக வந்து சேர்ந்தது என்று கேட்க வேண்டும். பட்டா வந்த நாளில் யார் வாசித்துச் சொன்னார்கள்? முத்துலட்சுமி ரெட்டி இருபது வருஷம் போராடிய தேவதாசி ஒழிப்பு 1947-ல் சட்டமானபோது, இந்தக் கோயிலைச் சார்ந்திருந்த குடும்பங்கள் அடுத்த மாதம் எதைச் சமைத்துச் சாப்பிட்டன? இந்தக் கேள்வியோடு ஒரு வீட்டுக்குள் போவதற்கு முன் அந்த வீட்டின் மானத்தை நினைக்க வேண்டும். பேசச் சம்மதிக்காத கதவைத் தட்ட மாட்டேன். பேசியவர் பிறகு வேண்டாம் என்றால் பதிவை அழித்து, அழித்துவிட்டேன் என்று எழுத்தில் கொடுத்துவிடுவேன்.

1947-ல் பத்து வயதுப் பிள்ளையாக இருந்தவர் இன்று தொண்ணூறை எட்டுகிறார். அதனால் திருவண்ணாமலை, செங்கம், போளூர், ஆரணி வட்டாரங்களில் இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் பழைய கட்டுகளைப் பேப்பர்க்காரரின் தராசில் போடுவதற்கு முன் பிரித்துப் பாருங்கள். காங்கிரஸ் கமிட்டியின் சந்தா ரசீது, கதர் கடை பில், ஜாகீர் கிஸ்து ரசீது, பின்பக்கம் பென்சிலில் ஏதாவது எழுதிய குழுப் புகைப்படம், கோயில் வரி நோட்டு, இவற்றில் எது இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், அது உருகித் தாளில் ஒட்டும்; பருத்தி நூலால் தளர்வாகக் கட்டினால் போதும். வீட்டில் பெரியவர் இருந்தால் கைப்பேசியை மேசையில் வைத்துப் பதிவைத் தொடங்கிவிட்டு, முதல் கேள்வியாக, சின்ன வயதில் கோயிலுக்கு எந்த வாசல் வழியாகப் போனார் என்று கேளுங்கள்.